கான்ஸ்பாயில் இப்போது வெள்ளைச் சுறாவைப் பார்க்க முடியுமா?

கயல்:
ஜூலையில் அலுவலக வேலையாகக் கேப் டவுன் போகிறேன். வேலை முடிந்த பிறகு மூன்று நாள் கையில் இருக்கிறது. அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் கடற்கரை ஊரான கான்ஸ்பாய் சென்று, கூண்டுக்குள் இறங்கிப் பெருவெள்ளைச் சுறாவை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் கல்லூரிக் காலத்து ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. இறங்க விடுவார்களா? பணம் கட்டினால் சுறாவைப் பார்ப்பது உறுதிதானா?

வள்ளம்:
நீச்சல் தெரியாதது ஒரு தடையே இல்லை. கூண்டைப் படகின் விலாவோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அதன் மேல்பகுதி எப்போதும் தண்ணீருக்கு வெளியே நிற்கும். குளிர் தாங்கும் தடித்த ரப்பர் உடையான வெட்சூட், இடுப்பில் ஈயக்கட்டி, முகத்தில் கண்ணாடி, அவ்வளவுதான். சூரை மீன் தலையைக் கயிற்றில் கட்டி வீசுவார்கள். சுறா நெருங்கியதும் மேலிருந்து குரல் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்கம்பியைப் பற்றி உங்களை நீங்களே கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். வெளிக்கம்பியில் மட்டும் விரல் வைக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் மனம் கனக்கிறது. நான் தூத்துக்குடிக்காரன், கேப் டவுனில் வேலை. 2014இல் முதல்முறை இறங்கினேன். கலங்கிய பச்சைத் தண்ணீரில் எதுவுமே தெரியவில்லை. அடுத்த கணம் ஐந்து செவுள் பிளவுகளும் என் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. அன்று காலையில் மட்டும் ஆறு வெள்ளைச் சுறாக்கள் வந்தன. 2022இல் மீண்டும் போனேன். ஒன்றுகூட வரவில்லை. வந்தவை எல்லாம் செம்புச் சுறாக்கள்.

நடுவில் நடந்தது இதுதான். 2017இல் கான்ஸ்பாய்க் கரையில் வெள்ளைச் சுறாக்கள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் ஈரல் இல்லை. முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்பக்கமும் மற்றொன்றுக்கு வலப்பக்கமும் மடிந்த இரண்டு ஆண் ஓர்காக்களின், அதாவது கொலைத் திமிங்கிலங்களின் வேலை அது. கப்பல்காரர்கள் இடம், வலம் என்பதற்குச் சொல்லும் போர்ட், ஸ்டார்போர்ட் என்ற சொற்களையே அவற்றுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எங்கள் தாத்தா சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து வள்ளத்துக்குப் பூசுவார். ஒரு சுறாவுக்குள் எவ்வளவு ஈரல் இருக்கும் என்பது கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். வெள்ளைச் சுறாவின் எடையில் கால்பங்கு வரை ஈரலாகவே இருக்கும். ஓர்கா அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ஓர்கா வந்துபோனாலே சுறாக்கள் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஆனால் பழி முழுவதையும் ஓர்காவின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1991இல் வெள்ளைச் சுறாவைச் சட்டம் போட்டுக் காத்த முதல் நாடு தென்னாப்பிரிக்கா. அதே நாட்டில் டர்பன் கரையில் 1952 முதல் குளிப்பவர்களுக்காகப் போடப்படும் வலைகளில் அவை சிக்கிச் சாகின்றன. அவை தின்னும் சிறிய சுறாக்களை நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்களைக் கோத்துப் போடும் நீள்தூண்டில் படகுகள் அள்ளிப் போகின்றன. சுறாக்கள் கிழக்கே நகர்ந்துவிட்டனவா, தொகையே குறைந்துவிட்டதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 2022 மே மாதம், கிழக்கே உள்ள மோசல் விரிகுடாவிலும் ஓர்காக்கள் ஒரு வெள்ளைச் சுறாவைக் கொன்றது ட்ரோன் படத்தில் பதிவானது.

2022இல் என்னைக் கூட்டிப்போன நிறுவனத்தின் விளம்பரம் முழுக்க வெள்ளைச் சுறாப் படங்கள்தான். படகு ஏறும் வரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. முன்பதிவுக்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் வெள்ளைச் சுறாவைப் பார்த்தீர்கள்? தேதி சொல்லாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

தென்காற்று:
அடிலெய்டிலிருந்து எழுதுகிறேன். வெள்ளைச் சுறாதான் வேண்டும் என்றால் இங்கே தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள போர்ட் லிங்கன் துறைமுகத்துக்கு வாருங்கள். அங்கிருந்து சுறாக்கள் வரும் நெப்டியூன் தீவுகளுக்குப் படகில் சுமார் மூன்று மணி நேரம். குழாய் வழியே காற்று தருவதால் மூச்சடக்க வேண்டியதில்லை. 1963இல் இந்தக் கரையில் சுறா கடித்துக் குதறிய ராட்னி ஃபாக்ஸ்தான் பிறகு இந்தக் கூண்டு முறையை உருவாக்கியவர். மெக்சிகோவின் குவாடலூப் தீவில் சுறா பார்க்கும் பயணங்களை 2023இல் தடை செய்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கயல்:
ஆஸ்திரேலியா இப்போதைக்கு என் சக்திக்கு மீறியது. வள்ளம் அண்ணா, வெள்ளைச் சுறா வராது என்று தெரிந்தே கான்ஸ்பாய் போகலாமா?

வள்ளம்:
போங்கள். செம்புச் சுறாவும் மூன்று மீட்டர் வரை வளரும். ஐந்தாறு சேர்ந்து கூண்டைச் சுற்றும்போது மூச்சு தானாக நின்றுவிடும். ஜூலை இங்கே குளிர்காலம், கடல் கொந்தளித்தால் பயணத்தை ரத்து செய்வார்கள். அதனால் முதல் நாளுக்கே பதிவு செய்து, மற்ற இரண்டு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். குமட்டலுக்கான மாத்திரையைப் படகு ஏறும் முன்பே போட்டுவிடுங்கள். திரும்பும்போது கீசர் பாறைப் பக்கம் படகைத் திருப்பச் சொல்லுங்கள். பல்லாயிரம் கடல்நாய்கள் அங்கே கிடக்கும். நாற்றம் முதலில் வரும், சத்தம் பிறகு வரும். பாறைக்கும் டயர் தீவுக்கும் நடுவிலுள்ள கால்வாயில்தான் 2014இல் வெள்ளைச் சுறாக்கள் கடல்நாய்க் குட்டிகளைப் பிடிக்கக் காத்துக் கிடந்தன. அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் தேதி போட்டு இங்கே எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.