புதுப்பிப்பு: பத்து மாத கார் கடைசியில் எவ்வளவுக்குப் போனது

2025 ஜூனில் பெங்களூரில் வாங்கிய சின்ன பெட்ரோல் கார், 6,200 கிலோமீட்டர் ஓடியது, என்ன விலை சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். விற்றாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நான் செய்த தப்பு, கொடுத்த 7,80,000 ரூபாயிலிருந்து கழிக்க ஆரம்பித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி வரி, செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 29 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. 6,45,000 ஷோரூம் விலை 5,90,000 ஆனது. அதே காரை இன்று புதிதாக எடுத்தால் ஆன்ரோடு, அதாவது பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 7,15,000தான். யார் பழசுக்கு அதைவிட அதிகம் தருவார்கள்? கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும். அதில் 15 சதவீதம் கழித்தேன். ஆறு மாதம் தாண்டி ஒரு வருடம் முடியாத காருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமாகக் கழிப்பதும் அதுதான்.

முதலில் பழைய கார் வாங்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். பெயிண்ட் தடிமனை அளக்கும் சின்னக் கருவியைப் பின்பக்க இடது கதவில் வைத்ததும் எண் எகிறியது. கீறலுக்காக நான் மறுபெயிண்ட் அடித்த கதவு அது. அந்த ஒரு கதவைக் காட்டியே 5,40,000க்கு இறங்கிவிட்டார். மனசு கேட்கவில்லை, அனுப்பிவிட்டேன்.

அப்புறம் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார். கதவு விஷயத்தை நானே முதலில் சொல்லி, பில்லையும் காட்டினேன். "சரி தம்பி, சொன்னதே போதும்" என்றார். 6,00,000க்கு முடிந்தது. கர்நாடகப் பதிவு, ஆயுள் வரி கட்டியாயிற்று என்பதால் அவருக்கும் லாபம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகிவிட்டன. கிளெயிம் எடுக்காதவர்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெயிம் போனஸ் மட்டும் என் பெயரிலேயே இருக்கும். அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன்.