புதுப்பிப்பு: புது லினக்ஸ் லேப்டாப் மீண்டும் இயங்குகிறது
கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு புது லேப்டாப் 'கர்னல் பேனிக்' (கர்னல் மேற்கொண்டு இயங்க முடியாமல் நின்றுவிடும் பிழை) காட்டி உறைந்து நிற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. உங்களில் பலர் சொன்னதுபோல எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டிய தேவையே வரவில்லை.

சிக்கல் பூட் பகிர்வில், அதாவது கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியில், இருந்தது. விற்கும்போதே அதை மிகச் சிறியதாகப் பிரித்திருக்கிறார்கள். யார் செய்த கஞ்சத்தனமோ! பழைய கர்னல்கள் அங்கே குவிந்து இடம் நிரம்பியதால், புதிய கர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (தொடக்கத்தில் கர்னலுக்குத் தேவையான டிரைவர்கள் அடங்கியது) உருவாகவில்லை. அது இல்லாமல் கர்னலால் ரூட் பகிர்வை (இயங்குதளம் இருக்கும் முதன்மை வட்டுப் பகுதி) ஏற்ற முடியாது. திரையில் வந்த பிழைச்செய்தியும் அதைத்தான் சொன்னது.

கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, கிரப் (எந்தக் கர்னலைத் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்க உதவும் பூட் நிரல்) பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். உடனே உள்ளே போக முடிந்தது. பிறகு, பயன்பாட்டில் இல்லாத கர்னல்களைத் தொகுப்பு மேலாளர் (மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி) வழியாக நீக்கினேன். கோப்புகளை நேரடியாக அழிக்காதீர்கள். தொகுப்புப் பதிவேடு குழம்பிவிடும். கடைசியாக இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கி, கிரப்பையும் புதுப்பித்தேன்.

உறக்க நிலையிலிருந்து விழித்தால் டச்பேட் வேலை செய்யாத தொல்லை மட்டும் நீடிக்கிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன்.