மினாங்கபாவ் மலைக்கிராமத்தில் நிலம் யாருக்குச் சொந்தம்?

கடம்பவனம் (கேள்வி):

சென்ற ஆண்டு இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவில், மினாங்கபாவ் மக்கள் வாழும் மனிஞ்சாவ் ஏரியைச் சூழ்ந்த மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூரில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். ஏரிக்கரையில் வயல், அதற்கு அருகே வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் தோப்பு, தோப்புக்கும் மேலே காடு என்று படிப்படியாக ஏறிச் செல்லும் ஊர் அது. நான் தங்கிய வீட்டு அம்மையார் தம் வயலைக் காட்டிச் சொன்னதை, உடன் வந்த இளைஞர் எனக்கு விளக்கினார்: "இது என் பாட்டியின் தாய் காலத்துக்கும் முன்பிருந்தே எங்களுடையது. ஆனால் இதை நான் விற்க முடியாது, என் அண்ணனும் விற்க முடியாது, என் கணவருக்கு இதில் பேச்சே இல்லை."

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அவரும் விற்க முடியாது, அண்ணனும் விற்க முடியாது என்றால் அந்த நிலம் உண்மையில் யாருடையது? பணமுடை வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இன்னொன்று, தோப்பும் காடும் அப்படிச் செழித்து நிற்பதற்கு இந்தச் சொத்துமுறைதான் காரணமா, அல்லது உழ முடியாத செங்குத்துச் சரிவு என்பதால் தப்பியதா?

செரம்பான்வாசி:

நான் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் மாநிலத்து மலாய்க்காரர்களில் பலருடைய முன்னோர் மினாங்கபாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், இந்த வழக்கத்தின் ஒரு கிளையை அண்டை வீட்டாரிடமே பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மையார் சொன்னது 'புசாக்கா திங்கி' எனப்படும் முதுசொத்து. அது தனி ஆளுக்கு உரியதன்று. ஒரு தாயின் வழிவந்த கூட்டம் முழுவதற்கும் பொதுவானது. அந்தக் கூட்டத்தைக் 'காவும்' என்பார்கள். எந்தப் பெண் எந்த வயலின் விளைச்சலை எடுத்துக்கொள்வது என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த அனுபவ உரிமை தாயிடமிருந்து மகள்களுக்குச் செல்லும். மேற்பார்வை மட்டும் 'மாமாக்' பொறுப்பு. மலேசியாவில் மாமாக் என்றதும் ரொட்டிச் சானாய்க் கடைதான் நினைவுக்கு வரும்; அங்கே அந்தச் சொல் தாய்மாமனைக் குறிக்கிறது.

இதைக் கேட்டதும் நம்மவர் பலர் "ஓ, தாய்மாமன் சொத்து அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி" என்பார்கள். பாதிதான் சரி. மாமனுக்கு நிலத்தைக் காக்கும் கடமையும் கூட்டத்தின் சார்பில் பேசும் அதிகாரமும் உண்டு. விளைச்சலில் அவருக்குத் தனி உரிமை கிடையாது. சகோதரியின் மகனான மருமகனுக்கு அவரிடமிருந்து வருவது குலப்பட்டமும் பொறுப்பும்தான். கணவரோ மனைவியின் வீட்டில் 'சுமாண்டோ', அதாவது மதிப்புக்குரிய விருந்தாளி. முற்காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு வீட்டில் அறை கிடையாது. சுராவ் எனப்படும் தொழுகைக் கூடத்தில்தான் படுத்துறங்குவார்கள். இதைப் பெண்கள் ஆட்சி என்று பயண இதழ்கள் எழுதுவது எனக்கு எரிச்சலூட்டும். விற்க முடியாத சொத்தை வைத்திருப்பவரை ஆட்சியாளர் என்பதைவிடக் காவலாளி என்பதே பொருத்தம்.

ஒருவர் தாமே உழைத்துத் தேடியது வேறு கணக்கு. அது 'புசாக்கா ரெண்டா'. இஸ்லாமிய வாரிசு முறைப்படி அது பிள்ளைகளுக்குப் போகிறது. இந்தப் பிரிவினை எளிதில் வந்துவிடவில்லை. மக்காவின் பெரிய பள்ளிவாசலில் இமாமாக இருந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது காத்திப், தாய்வழி உடைமையை மார்க்கத்துக்கு முரணானது என்று கடுமையாகக் கண்டித்தார். நீங்கள் தங்கிய அதே மனிஞ்சாவ் பகுதியைச் சேர்ந்த அப்துல் கரீம் அம்ருல்லாவோ (எழுத்தாளர் ஹம்காவின் தந்தை) முதுசொத்து வக்பு போன்றது, விற்கவோ பங்கிடவோ ஆகாது, ஆகவே அதில் தவறில்லை என்று வாதிட்டார். 1952ஆம் ஆண்டு புக்கித்திங்கியில் ஊர்த்தலைவர்களும் மார்க்க அறிஞர்களும் கூடி, முதுசொத்துக்கு மரபுமுறை, தேடிய சொத்துக்கு மார்க்கமுறை என்று முடிவு செய்தார்கள்.

ஒத்திப்பத்திரம்:

பணமுடை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பத்திரப்பதிவுத் தொழிலில் இருந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் ஆர்வம் உண்டு.

விற்கக் கூடாதே தவிர, ஒத்தி வைக்கலாம். நம் ஊர் ஒத்தியைப் போலவே பணம் கொடுத்தவர் நிலத்தில் பயிரிட்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார். பணத்தைத் திருப்பித் தந்ததும் நிலம் மீண்டுவிடும். தொகையைப் பெரும்பாலும் பொன் அளவில் பேசிக்கொள்வதால், முப்பது ஆண்டு கழித்து மீட்டாலும் கொடுத்தவருக்கு நட்டம் வராது. ஆனால் ஒத்திக்கும் கூட்டத்தார் அனைவரும் இசைய வேண்டும். மரபு ஒப்புக்கொள்ளும் காரணங்களும் நான்கே. வீட்டில் பிணம் கிடத்தியிருக்கிறது, அடக்கச் செலவுக்குப் பணமில்லை என்பது ஒன்று. வயது வந்த பெண்ணுக்குத் திருமணம் செய்து வைக்க வழியில்லை என்பது மற்றொன்று. கூட்டத்தின் பொதுவீடான 'பெரிய வீட்டின்' கூரை ஒழுகுவது மூன்றாவது. நான்காவதை அவர்கள் 'மூழ்கிய மரத்தைத் தூக்கி நிறுத்துவது' என்பார்கள். நெடுங்காலம் ஏற்பாரின்றிக் கிடந்த குலப்பட்டத்தை மீண்டும் நிலைநாட்டும் விழாவுக்கான செலவு அது.

1960ஆம் ஆண்டின் இந்தோனேசியச் சட்டம் ஒன்று, ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒத்தியில் இருக்கும் விளைநிலத்தை மீட்புப் பணம் இல்லாமலே உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஏழு ஆண்டு விளைச்சலிலேயே கடன் தீர்ந்துவிட்டது என்பது அதன் தர்க்கம். ஏழைக்கு ஆதரவான சட்டம்தான் என்றாலும் மினாங்கபாவில் பலர் அதை ஏற்கவில்லை. அங்கே ஒத்தி என்பது உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவியாகவும் கருதப்படுகிறது. வாங்கிய பணத்தைத் தராமல் நிலத்தை மட்டும் கேட்பது ஊர் நடுவே தலைகுனிவு.

கடம்பவனம்:

மிக்க நன்றி. பிணமும் கூரையும் திருமணமும் பட்டியலில் இருக்க, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதில் இல்லையே? அந்த அம்மையாரின் மகன் பாடாங்கில் படித்துக்கொண்டிருந்தான்.

பட்டைமரம்:

அந்தக் கட்டணம் பெரும்பாலும் நீங்கள் பார்த்த தோப்பிலிருந்தோ வெளியூர் சென்ற உறவினரிடமிருந்தோ வந்திருக்கும். நிலத்தில் பங்கில்லாத ஆண்மகன் ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதிப்பதற்கு 'மெரந்தாவ்' என்று பெயர். இந்தோனேசியாவின் எந்த நகரத்துக்குப் போனாலும் மினாங்கபாவ் சமையலைப் பரிமாறும் பாடாங் உணவகம் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோப்பை அவர்கள் 'பாராக்' என்பார்கள். வெளியாள் பார்த்தால் காடு என்றே நினைப்பார். நானும் முதல் நாள் அப்படித்தான் ஏமாந்தேன். உயரத்தில் டுரியன், அதனுடன் வீடு கட்ட உதவும் பாயூர் மரம், நடுவில் இலவங்கப்பட்டையும் ஜாதிக்காயும், நிழலில் காப்பி என்று அடுக்கடுக்காக வைத்து வளர்த்தது அது. டுரியன் தலைமுறை தலைமுறையாகப் பலன் தரும், யாரும் வெட்டுவதில்லை. பட்டைமரமோ சேமிப்பு உண்டியல் போன்றது. பட்டையை எடுக்க மரத்தையே வெட்டுவார்கள், அடிமரம் மறுபடியும் துளிர்க்கும். அவசரமில்லாதவரை மரம் தடித்துக்கொண்டே போகும். கட்டணம் கட்டும் நாள் வந்ததும் சில மரங்கள் விழும்.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். செங்குத்துச் சரிவும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரின் கீழே உள்ள ஏரியைப் பாருங்கள். தொண்ணூறுகளில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் மீன் வளர்ப்பு அங்கே பரவியது. பணமுள்ள எவரும் கூண்டு போடலாம் என்ற நிலை உருவாயிற்று. போட்ட தீவனத்தின் மிச்சம் அடியில் தேங்கித் தண்ணீர் கெட்டது. பலத்த காற்று அடித்து அடிநீர் மேலே புரளும்போது மீன்கள் டன் கணக்கில் செத்து மிதக்கின்றன. மழையும் மண்ணும் மக்களும் மாறவில்லை. மேலே, பேரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கூட்டம் தோப்பின் கணக்கைப் பார்க்கிறது, ஏரியில் அப்படி யாரும் இல்லை. மேலேயும் சிக்கல் உண்டு. ஊர்க்காட்டின் ஒரு பகுதியை அரசு தன் காடாக வரையறுத்திருந்தது. மரபுச் சமூகத்தின் காடு அரசுக் காடாகாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது. வரைபடங்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

அடுத்த முறை அங்கே போனால், பட்டைமரம் நிற்கும் மண் யாருடையது என்றும் மரம் யாருடையது என்றும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். மண் கூட்டத்துடையது, மரம் நட்டவருடையது என்ற பதில் வரக்கூடும். அப்படி நட்டவர் அந்த வீட்டு விருந்தாளியான கணவராகவே இருந்தாலும் வியப்பில்லை.