நின்றுபோன வண்டியின் பெட்ரோல் டேங்க்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்ட ஷெட்டில் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் பல வருடமாக நின்றுகொண்டிருந்தது. "ஓட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போ மாப்ளே" என்றார். மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தபோது, காலியாகக் கிடந்த மேல்பாகத்தில் துரு அப்பியிருந்தது. மலையில் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் இடையில் டேங்க் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மூடியின் துளை வழியாக ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்த தகட்டில் வேர்த்து, சொட்டிச் சொட்டி அடியில் தேங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அது பெட்ரோல் காக்குக்கும் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. டேங்க் ஓட்டையாவதும் அங்கேதான்.

இந்த வண்டியில், பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்குத் தனி டேங்க். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் பழைய ஸ்கூட்டர்களில், பெட்ரோல் ஆவியானாலும் தகட்டில் எண்ணெய்ப் பூச்சு மிஞ்சும். இதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மெக்கானிக் ஒருவர் பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொன்னார். அது துருவை வேகமாகத் தின்னும், நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்னும். நான் சிட்ரிக் ஆசிட் பக்கம் போனேன். பெட்ரோல் காக்கைக் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் வைத்து அடைத்தேன். பழைய பெட்ரோலை வடித்தபின் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பழைய பெட்ரோல் விட்ட பிசின் படிந்த இடத்தில் ஆசிட் வேலை செய்யாது. உதிர்கிற துருவுக்கு, பழைய செயின் துண்டை உள்ளே போட்டுக் குலுக்குவது நல்லது. ஒரு முனையில் கம்பி கட்டி வெளியே விட்டால் எடுப்பது சுலபம். நட்டு போல்ட்டு போட்டால் ஒன்றாவது உள்ளேயே தங்கிவிடும்.

அப்புறம் வெந்நீரில், லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை சிட்ரிக் ஆசிட் கரைத்து கழுத்து வரை நிரப்பி ஒரு ராத்திரி விட்டேன். வாயு வரும், அதனால் மூடியை இறுக்கக்கூடாது. காலையில் வடித்தால் டிகாக்‌ஷன் மாதிரி வந்தது. விரலை விட்டுத் தடவினால் தகடு சாம்பல் நிறத்தில், வழவழப்பாக இருந்தது. பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், அதன்பின் நல்ல தண்ணீர்.

உண்மையான போட்டி இனிமேல்தான். ஆசிட் பட்ட வெறுந்தகடு ஈரம் கண்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிடும். இதற்காகவே டேங்கை மட்டும் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏற்காட்டு மூடுபனியில் காய வைப்பதும் வைக்காததும் ஒன்று. இங்கே மொட்டை மாடி வெயில் போதும், கூடவே கம்ப்ரஸர் காற்றை ஊதினேன். காய்ந்த உடனே கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டினேன்.

பெட்ரோல் டியூப் புதிது, இன்லைன் ஃபில்டர் புதிது. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை (பெட்ரோல் போகும் சின்னத் துளைகள்) ஊதினோம், பைலட் ஜெட்தான் அடைத்திருந்தது.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, டீசல் ஜீப்பில் கதை வேறு. எஸ்டேட் ஜீப் ஒன்று மழைக்காலம் முழுக்க நின்றது. துரு கொஞ்சம்தான், ஆனால் அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு சகதி. தண்ணீரும் டீசலும் சேர்கிற இடத்தில் கிருமி வளருமாம். அதற்கு ஆசிட் எதற்கு? டேங்கை இறக்கி, வழித்து, டீசலிலேயே அலசினோம். ஃபில்டரை மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்தோம். கொஞ்ச நாளில் ஃபில்டர் மறுபடி கறுத்தது, மறுபடி மாற்றினோம். கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி இழுக்காமல் நின்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். வளைவில் டேங்க் குலுங்கி அடிச்சகதி மேலே வரும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

என் டேங்கில் ஊசி முனை அளவு ஓட்டை. காலி டேங்க்தானே, வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் டிங்கர். செய்யலாமா? சரியானால் டேங்கை நிரப்பி வைத்துவிட்டால் துரு வராதா?

அஸ்தம்பட்டியிலிருந்து:

தீ மட்டும் வேண்டாங்க. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும். ஒரு தடவை கழுவினால் அது போய்விடாது. டேங்க் ரிப்பேர் மட்டுமே செய்கிறவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு டேங்க் பாருங்கள்.

நிரப்பி வைப்பது முன்பு நல்ல யோசனைதான். இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு, உள்ளே ஆயில் புரட்டி வைக்கிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாத வண்டியில், பம்ப் டேங்குக்குள்ளேயே இருப்பதால், அந்தக் கம்பெனி மேனுவலில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.