லடாக் மலைக் கணவாய்ல பைக் ஓட்டின நம்ம ஊர்க்காரங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கடலூர் ஓ.டி.:
மணாலி–லே ரூட்டு எல்லாருக்கும் தெரியும், நேரா அந்த வழியில டென்ட் போட்டுத் தங்கற பாங்ங்கற இடத்துக்கு வரேன். ராத்திரி டென்ட்ல படுத்திருந்தோம். கூட வந்தவன் தேவனாம்பட்டினம், சின்ன வயசுலேர்ந்து கடலுக்குப் போன உடம்பு. வெளிய போயிட்டு வந்தவன் கால் பின்னிப் பின்னி நடக்கறான். குடிக்கிற பழக்கமே கிடையாது. "பூட்ஸைக் கழட்டுடா"ன்னேன். உக்காந்து கையில போட்டிருந்த க்ளவுஸை இழுத்துட்டே இருக்கான். "உங்க வீடு எந்தத் தெருடா?"ன்னா என் மூஞ்சையே பாக்கறான், பதில் வரல.

உயரத்துல காத்து பத்தாம வர்ற கோளாறு, கீழ இறக்கணும்னு தெரியும். எங்க இறக்கறது? பாங்கே 15,000 அடி கிட்ட. லே பக்கம் போனா தங்லங் லா (லான்னா கணவாய்), 17,000 அடிக்கு மேல. சார்ச்சு பக்கம் திரும்பினா லாச்சுங் லா. ரெண்டு பக்கமும் ஏத்தம். டென்ட் நடத்துற லடாக்கி அம்மா அவன் உதட்டை ஒரு தடவ பாத்தாங்க, டார்ச்சை எடுத்துட்டு ஆர்மி கேம்ப்புக்கு ஓடிட்டாங்க. ஆக்சிஜன் ஏறுற வரைக்கும் அவன் காலைத் தன் மடியில வச்சுத் தேய்ச்சுட்டே இருந்தாங்க. காலைல லே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, ஆளு பொழச்சுட்டான். அப்புறம் அந்தப் பக்கம் போனவங்ககிட்ட விசாரிச்சேன். அந்த டென்ட்ல இப்ப வேற ஆளுங்களாம்.

வில்லியனூர்:
அதே மணாலி–லே ரூட்டுல சிங் சிங் பார் தாண்டி, ரோட்டுக்குக் குறுக்க ஓடற நாலா, அதாவது மலை ஓடை. மதியம் மூணு மணி. வெயில்ல பனி உருகி காலைல இருந்ததைவிட ரெண்டு மடங்கு தண்ணி. நட்டநடுவுல வண்டி ஆஃப். அடியில கல்லு உருளுறது ஃபுட்ரெஸ்ட் வழியா காலுக்குத் தெரியுது. எதிர்ல வந்த லாரி டிரைவர் லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கி, பின்னாடி கேரியரைப் புடிச்சு, "ரேஸ் தோ, ரேஸ் தோ"ன்னு, ரேஸ் குடுக்கச் சொல்லிக் கத்துறாரு. கரையேறித் திரும்பிப் பாத்தா அடுத்த பைக்கைப் புடிச்சுட்டு நிக்கறாரு. அவரோட லாரி அந்தப் பக்கமே நிக்குது.

நெல்லிக்குப்பம்:
ஓ.டி. தம்பி, மனசுல பட்டதைச் சொல்றேன். மணாலி 6,700 அடி. அங்கேர்ந்து பாங்ல போய்ப் படுக்கறதே நம்ம மாதிரி கடலோர ஆளுங்களுக்கு ஆகாது. நானும் பையனும் ஸ்ரீநகர் வழியா போனோம். ஜோஜி லா 11,500 அடிதான், ராத்திரி படுக்கறது கார்கில்ல, 9,000 அடிகூட வராது. ஃபோது லா மேல பையன் சிரிச்சுட்டே டீ குடிச்சான், எங்க கதை அவ்ளோதான்.

போற பசங்க கேட்டுக்குங்க. 10,000 அடிக்கு மேல போயிட்டா, படுக்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. பகல்ல எவ்ளோ உயரம் தாண்டினோம்ங்கறதைவிட ராத்திரி எங்க படுக்கறோம்ங்கறதுதான் முக்கியம். உயரக் கோளாறுக்குப் போடற டயமாக்ஸ் மாத்திரையை டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்களுக்கு ஆபத்து. சந்தேகம் வந்தா ஒரு கோடு கிழிச்சு, ஒரு கால் விரலை ஒட்டி அடுத்த கால் குதிகாலை வச்சு, அது மேலயே நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா அது மூளையில நீர் கோக்கற அறிகுறி. தூங்கினா சரியாயிடும்னு மட்டும் விட்றாதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா நுரையீரல்ல நீர் கோக்கற அறிகுறி.

அரியாங்குப்பம்:
அண்ணே, நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா ஸ்ரீநகர் வழியா போனாலும், லே தாண்டி நுப்ரா பக்கம் போறவங்க பெரும்பாலும் கார்துங் லா ஏறத்தான செய்றாங்க? போர்டுல 18,380 அடி, ஜிபிஎஸ்ல 17,582. எதுவா இருந்தாலும் காத்து நம்ம ஊருல இருக்கறதுல பாதிதான். என்னது பழைய கார்புரேட்டர் வண்டி. காத்து பத்தாம பெட்ரோல் அதிகமாயி, கறுப்பா புகை கக்கி நின்னுடுச்சு. பத்தடி தள்ளுவேன், நின்னு மூச்சு வாங்குவேன்.

ரோடு போடறவங்க வந்தாங்க. ஜார்க்கண்ட்லேர்ந்து வந்திருக்காங்க. அதுல ஒரு பொண்ணு, இருபது வயசுகூட இருக்காது. என் ஈர க்ளவுஸை உருவிட்டு, விரைச்சுப் போன கையைத் தார் டின் பக்கத்துல கொண்டு போயிப் புடிச்சுக்கிச்சு. அது கையில க்ளவுஸ் இல்ல, வெறும் துணி சுத்தியிருந்துச்சு, நகமெல்லாம் தார். அப்புறம் நாலு பேரா சேந்து வண்டியை மேல வரைக்கும் தள்ளி விட்டாங்க.

நாம போட்டோ எடுக்கற ரோடு அவங்க போட்டது. அவங்க நிக்கற இடத்துல ஸ்லோ பண்ணுங்க, புழுதி மூஞ்சிலதான் அடிக்குது. தடிமனான க்ளவுஸ் ஒரு பை நிறைய வாங்கி வச்சிருக்கேன். இந்த சீசன்ல பாண்டி, கடலூர்லேர்ந்து யாராச்சும் கிளம்பறீங்களா? பை கனமே இல்ல, வீட்டுக்கே கொண்டாந்து தரேன்.