புதுப்பிப்பு: பலத்த குளிர்காலக் காற்றில் பெரிய பாயைச் சுருக்குவது

குளிர்காலப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் காற்றின் வேகம் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) தாண்டினால் பெரிய பாயில் ஒரு ரீஃப் போடலாம், அதாவது பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். போட்ட பிறகும் பாய் தொளதொளவென்று இருக்கிறதே என்ற கேள்வி வந்தது.

பெரும்பாலும் வாங் கயிறுதான் காரணம்; பூமை, அதாவது பாயின் அடியிலுள்ள கிடைக்கம்பை, கீழே இழுத்துப் பிடிப்பது அதுதான். அதைத் தளர்த்தாவிட்டால் பூம் மேலே எழாது, பின்மூலை பூமில் வந்து உட்காராது. முதலில் ஷீட்டையும் (பாயை உள்ளே இழுக்கும் கயிறு) வாங்கையும் முழுசாக விடுங்கள். ஹாலியார்டை (பாயை ஏற்றி இறக்கும் கயிறு) குறியிட்ட இடம்வரை இறக்கி, முன்மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, முன்விளிம்பில் சுருக்கம் போகும்வரை ஹாலியார்டை மறுபடி இறுக்குங்கள். அதன்பிறகே பின்மூலை ரீஃப் கயிற்றை இறுக்குங்கள். அது கீழே மட்டுமல்ல, பின்னாலும் இழுக்க வேண்டும். கடைசியில் வாங்கையும் ஷீட்டையும் மறுபடி இறுக்குங்கள். நடுவிலுள்ள சிறு கட்டுகள் தொங்கும் துணியை அடக்க மட்டுமே. அவற்றை இறுக்கினால் பாய் அந்த ஓட்டையில்தான் கிழியும், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்!

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 15 நாட் 21 ஆனால் விசை ஏறக்குறைய இரட்டிப்பு. போதாததற்கு, 5 டிகிரி செல்சியஸ் குளிர்காற்று 25 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 7 சதவீதம் அடர்த்தியானது. ஆகவே கோடையில் பழகிய அளவை நம்பாமல், கரையிலேயே ரீஃப் போட்டுக் கிளம்புங்கள். காற்று குறைந்தால் அவிழ்த்துக்கொள்ளலாம். விரல் விறைத்தபின் அலையில் நின்று கட்டுவது பெரும்பாடு.