அம்மாவுக்குச் சின்ன பராமரிப்பு இல்லமா, பெரியதா?

கடைக்குட்டி:
அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் வலு குறைந்துவிட்டன. பேச்சு தெளிவு, ஞாபகமும் பரவாயில்லை, ஆனால் குளிக்க, உடை மாற்ற, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, கழிப்பறை போக எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். அண்ணனும் நானும்தான் மாறி மாறிப் பார்க்கிறோம், தூக்கித் தூக்கி அண்ணனுக்கு இடுப்பு போய்விட்டது. இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று பெரியது, பிசியோதெரபி அறை, லிஃப்ட் எல்லாம் உண்டு. இன்னொன்று சாதாரண வீடு, எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த வீடுதான் பிடித்திருக்கிறது, அண்ணனோ பெரியதுதான் பாதுகாப்பு என்கிறார். போய் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

இரவுப்பணி:
சின்ன இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பகலில் போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் தெரியும். ராத்திரி எத்தனை பேர் தூங்காமல் வேலையில் இருப்பார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரே ஒரு பெண், அவரும் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஓர் ஓரமாகப் படுத்திருப்பார். உங்கள் அம்மா விழுந்தால் ஒருவராகத் தூக்கவே கூடாது, இருவர் வேண்டும், இல்லையென்றால் தூக்கும் கருவியாவது வேண்டும். அம்மாவால் தானாகப் புரண்டு படுக்க முடியுமா? முடியாது என்றால் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். வால் எலும்புப் பக்கமும் குதிகாலும்தான் முதலில் புண்ணாகும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், அம்மாவை நாற்காலிக்கு மாற்றுவதை நேரில் பாருங்கள். சக்கர நாற்காலியை நல்ல பக்கம் ஒட்டிப் போட்டு, பிரேக் போட்ட பிறகுதான் எழுப்ப வேண்டும். வலுவில்லாத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். அப்படி இழுக்கிற இடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம்.

மூத்தமகன்:
நான் சின்ன வீட்டுப் பக்கம்தான். அப்பா அப்படி ஒரு இடத்தில் இருந்தார். ஒருநாள் காலையில் அவர் கண்ணாடியைப் போடாமலே பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அங்கே பார்த்துக்கொள்கிற அக்கா உடனே எங்களுக்குப் போன் செய்தார். சிறுநீரில் கிருமித் தொற்று. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் அது காட்டலாம். ஷிஃப்டுக்கு ஒரு முகம் மாறுகிற இடத்தில் 'வயசாச்சு' என்று விட்டிருப்பார்கள். ஆனால் அதே அக்கா லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தத்தைத்தான் விடாமல் படியுங்கள். உடல்நிலை மோசமானால் வைத்துக்கொள்வார்களா, குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டி வந்தால் கிளம்பச் சொல்வார்களா? அப்பா விஷயத்தில் சேர்க்கும்போது தலையாட்டியவர்கள் பிறகு முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் பணம் கட்ட வேண்டுமா, முன்பணம் எப்போது திரும்ப வரும், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வெள்ளைக்கோட்டு:
கடைக்குட்டி, உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. பெரிய இடத்தில் நர்ஸ் இருப்பார், சரி, ஆனால் எத்தனை பேருக்கு ஒருவர்? சின்ன இடத்தில் பெரும்பாலும் பராமரிப்பாளர்கள்தான், இன்சுலின் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது யார் என்று கேட்டாக வேண்டும். 1963-இல் காட்ஸ் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் உதவுகிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு விஷயம். இதில் எதற்கெல்லாம் உதவி வேண்டும் என்று விசாரிக்காமலே 'நாளைக்கே அழைத்து வாருங்கள்' என்கிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

சும்மா_ஒருத்தி:
சொல்லாமல் சாயங்காலம் போங்கள். அங்கே இருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள், மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா பாருங்கள். ஹாலில் உள்ள சோபாவைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

கடைக்குட்டி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவால் வலது பக்கம் புரள முடியாது, அதை இதுவரை யாரும் எங்களிடம் கேட்கவே இல்லை! தண்ணீர் குடிக்கும்போது சில நேரம் புரையேறுகிறது, அதையும் சொல்ல வேண்டுமா?

இரவுப்பணி:
கண்டிப்பாக. அதுவும் சேர்ப்பதற்கு முன்பே விழுங்கும் பயிற்சி தருகிற நிபுணரிடம் காட்டிவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நீர்ப்பொருளைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். எப்படியும் நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது படுக்கவிடக் கூடாது. எட்டுப் பேருக்கும் ஒரே ஆள் அவசர அவசரமாக ஊட்டுகிற இடம் என்றால் இது நடக்காது, அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஒருதரம் போய் உட்காருங்கள். முடிந்தால் சில நாள் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.